பனி கருக்கிய இலையும் கண்ணாடியான நீரும்

இந்த ஜனவரியில் ஊருக்குப் போன இரண்டாம் நாள், விடிவதற்கு முன்பே அம்மா எழுப்பிவிட்டார். "பாப்பா, எந்திரி. பனி விழுந்திருக்கு, தண்ணி அடிக்கணும்."

நீலகிரியில் எமரால்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் தேயிலை. பள்ளத்தைப் பார்த்த சரிவு. மேலே நான்கு சில்வர் ஓக் மரங்கள், கீழே ஓடையை ஒட்டிப் பக்கத்துக்காரரின் கேரட் தோட்டம். குல்லாவும் சால்வையுமாக டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினோம். காலடியில் புல் நொறுங்கியது. செடிகளின் மேல்தட்டு முழுக்க உப்பைத் தூவி வைத்ததுபோல வெள்ளை. வெயில் படுவதற்குள் இலைமேல் இருக்கும் பனியைக் கழுவிவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் அவருமாகப் பாதித் தோட்டத்தைத்தான் முடித்திருப்போம். கிழக்கே மலைக்கு மேல் சூரியன் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குள் கீழ்ப்பாதி கருத்துப்போனது. ஒரு கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. மொட்டு வெந்த கீரைபோலத் துவண்டிருந்தது. இலையின் ஓரம் செம்புநிறம், நடு நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை. விரலால் நசுக்கினால் தண்ணீர் கசிந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை அது: தேயிலை ஃபேக்டரியின் வாசனை.

செல்களை உறையவைப்பதுதான் என் வேலை. உறையவைத்து, அவற்றின் உள்ளே மூலக்கூறுகள் எங்கெங்கே எப்படியெப்படி இருக்கின்றன என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது. கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபி என்று பெயர். ஏழு வருடங்களாகச் செய்கிறேன். அம்மாவுக்கு நான் 'பனிக்கட்டி வேலை' பார்க்கிறேன் என்ற அளவில் தெரியும். கையில் அந்தக் கருகிய கொழுந்தோடு நின்றபோது, இந்த வேலை எதற்காக என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் ஒன்று கிடைக்காது என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் மாமா இருபது வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறார். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் உள்ளே நுழைந்துவிடுவேன். வாட்டிய இலை சிடிசி மெஷினின் பல் உருளைகளுக்கு நடுவே போகும்போது பச்சையாகப் போகும், பச்சையாகவே நசுங்கி வரும். பரப்பிப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் செம்புநிறம். யாரும் அதில் எதையும் சேர்ப்பதில்லை. ஃபேக்டரியில் இதை ஃபெர்மெண்டேஷன் என்கிறார்கள். மாவு புளிப்பதுபோலக் கிருமி செய்யும் வேலை என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இதில் கிருமிக்கு வேலையே இல்லை. தேயிலைச் செல்லுக்குள் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் ஓர் அறையில் இருக்கின்றன. வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பை அது. அவற்றைக் கருக்கவைக்கும் நொதி வேறோர் அறையில், பச்சையக் கணிகங்களில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் தடிமனில் சவ்வு. அந்தச் சவ்வு இருக்கும்வரை இலை பச்சை. சவ்வு கிழிந்தால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன, காற்றும் சேர்ந்துகொள்கிறது, இலை கருக்கிறது.

எங்கள் கீழ்ப்பாதித் தோட்டத்தில் அன்று பனி செய்ததும் இதுதான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது படிகமாக அடுக்கிக்கொள்கிறது. அதற்கு ஒன்பது சதவீதம் அதிக இடம் வேண்டும். தன்னுள் வேறெதையும் சேர்க்காது, கரைந்திருக்கும் உப்பையும் சர்க்கரையையும் வெளியே தள்ளும். இலையில் முதலில் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கட்டி பிடிக்கும். அது உள்ளேயிருக்கும் நீரை உறிஞ்சி எடுக்க, செல் சுருங்கி, சவ்வு கிழியும். வெயில் வந்து உருகும்போது அறைகள் எல்லாம் ஒன்றாகிவிட்டிருக்கும்.

இதில் என்னை நிறுத்துவது ஒரு விஷயம். பச்சை இலையிலும் கருகிய இலையிலும் பனி விழும்வரை இருந்த மூலக்கூறுகள் அவையேதான். சவ்வு கிழியும்வரை புதிதாக எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. முதலில் மாறியது, எது எங்கே இருந்தது என்பது மட்டும்தான். அந்த மாற்றம்தான் உயிருள்ள இலைக்கும் செத்த இலைக்கும் உள்ள வித்தியாசம்.

உயிர்வேதியியல் நூறு வருடத்துக்கு மேலாகச் செல்லை அரைத்தே படித்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அரைத்து, வடித்து, ஒரே ஒரு புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்ததால்தான் நமக்கு இன்று இவ்வளவு தெரிகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு பெற்றது, செல்லில் புரதம் நெய்யும் ரைபோசோமைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் அதன் அமைப்பைக் கண்டதற்காக. ஆனால் அரைத்த பிறகு இடம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சட்டினியைப் பார்த்துத் தேங்காய்ப் பத்தை எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நாம் சாப்பிடுவதன் ஆற்றலை ஏடிபி என்னும் மூலக்கூறாக மாற்றித்தருவது ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலும் எந்திரம். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1997-இல் பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் நோபல் கிடைத்தது. பிரித்தெடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தனித்தனி எந்திரமாகவே பெரும்பாலும் தெரிந்தது. பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் வெர்னர் கூல்பிராண்ட் குழுவினர் மைட்டோகாண்ட்ரியாவை உடைக்காமல் முழுதாகவே உறையவைத்து டோமோகிராபியில் பார்த்தார்கள். அந்த எந்திரங்கள் இரண்டிரண்டாகக் கவட்டைக் கம்புபோலச் சாய்ந்து, சவ்வின் மடிப்பு விளிம்பு நெடுக வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைதான் சவ்வை அங்கே கூர்மையாக மடியவைக்கிறது என்ற முடிவுக்கும் வந்தார்கள். ஆற்றல் செய்யும் எந்திரமே தான் குடியிருக்கும் வீட்டின் கூரையையும் வளைத்துக் கொடுக்கிறது. ஈஸ்ட் செல்லில் இந்த வரிசையை முதல்முறை என் திரையில் நானே பார்த்த ராத்திரி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மலைச்சரிவில் தேயிலைப் பாத்தி வளைந்துகொண்டு போவதுபோல, சாம்பல்நிறத்தில் இரட்டை இரட்டையாகப் புள்ளிகள்.

சரி, செல்லை எப்படிக் கருகாமல் உறையவைப்பது?

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம். அதில் ஈரமான எதுவும் நிற்காது, நீர் ஆவியாகிவிடும். உறையவைத்தால் நிற்கும், ஆனால் படிகம் பிடித்துவிடும். ஹைடல்பர்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்த ஜாக் டுபோஷேயும் அலஸ்டேர் மெக்டொவலும் 1981-இல் இதற்கு வழி காட்டினார்கள். நீரை மிக மிக வேகமாகக் குளிர்வித்தால், மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல், திரவமாக இருந்த நிலையிலேயே அப்படியே இறுகிவிடும். ஜன்னல் கண்ணாடி திடமாக இருந்தாலும் உள்ளே ஒழுங்கான அடுக்கு இல்லாததுபோல. நீர் கண்ணாடியாகிறது. நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி என்ற வேகம் அதற்குத் தேவை. டுபோஷேக்கு இதற்காக 2017-இல் யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகியோரோடு சேர்த்து வேதியியல் நோபல் கிடைத்தது.

மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் நேரே முக்கினால் ஆகாதா என்று கேட்பவர்கள் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் உடனே ஆவியாவதில்லை, முத்துமுத்தாக உருண்டு ஓடும். அடியில் ஆவி மெத்தை போட்டுத் தாங்குவதால் சூடு அதை நேரே தொடுவதில்லை. நைட்ரஜன் தன் கொதிநிலையிலேயே இருப்பதால், நம் மாதிரி உள்ளே போனதும் அதைச் சுற்றி ஆவி மெத்தை உண்டாகிறது, குளிர் மெதுவாகத்தான் ஏறும். அதனால் நைட்ரஜனால் குளிரவைத்த திரவ ஈத்தேனில் முக்குகிறோம். அது கொதிப்பது மைனஸ் 89 டிகிரியில்தான், நாங்கள் வைத்திருப்பதோ மைனஸ் 180-க்கு அருகில். ஆவி மெத்தை இல்லை. குளிர் நேரே பிடித்துக்கொள்ளும்.

மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான உலோகச் சல்லடை, அதை கிரிட் என்போம். அதன்மேல் செல்கள் மிதக்கும் ஒரு துளியை விட்டு, உறிஞ்சுதாளால் ஒற்றி, கண் சிமிட்டுவதற்குள் ஈத்தேனில் இறக்கிவிடும் கருவி. பிளாஞ்ச் பண்ணுவது என்று ஆய்வகத்தில் பேச்சு. அந்த நொடியில் செல்லுக்குள் எது நடந்துகொண்டிருந்ததோ அது அப்படியே நிற்கிறது. ரைபோசோம் பாதிப் புரதம் நெய்த நிலையில். மோட்டார் புரதம் ஓர் அடி எடுத்துவைத்த நிலையில்.

அடுத்தது மெலிதாக்குவது. மாதிரி சில நூறு நானோமீட்டருக்கு மேல் தடிப்பாக இருந்தால் எலக்ட்ரான்கள் ஊடுருவிப் படம் தராது. ஈஸ்ட் செல்லோ ஐந்து மைக்ரோமீட்டர். காலியம் அயனிக் கற்றையால் மேலும் கீழும் செதுக்கிச் செதுக்கி, நடுவில் 150 நானோமீட்டர் ஏட்டை மட்டும் விட்டுவைக்கிறோம். அதற்கு லாமெல்லா என்று பெயர். ஆறு ரைபோசோம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வரும் தடிமன் அவ்வளவுதான். செல்லின் பெரும்பகுதி செதுக்கிலேயே போய்விடுகிறது. இந்த இழப்பு எனக்கு இன்னமும் உறுத்தும் ஒன்று. இடம் முக்கியம் என்று சொல்லிக்கொண்டு, இடத்தில் பெரும்பகுதியைச் சீவித் தள்ளுகிறோம். இப்போதைக்கு வேறு வழியில்லை.

பிறகுதான் டோமோகிராபி. மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது கீழேயுள்ள அதே பள்ளத்தாக்கு வேறொரு சாய்வில் தெரியும். முதல் வளைவில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்த இரண்டு மரங்கள் ஐந்தாம் வளைவில் விலகி நிற்கும், எது முன்னால் எது பின்னால் என்று அப்போது புரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து மேலே வந்து சேர்வதற்குள் பள்ளத்தாக்கின் உருவம் முழுதாக மனதில் ஏறிவிடும். நாங்களும் அதைத்தான் செய்கிறோம், பஸ்ஸுக்குப் பதிலாக மாதிரியைத் திருப்புகிறோம். மைனஸ் 60 டிகிரிச் சாய்விலிருந்து பிளஸ் 60 டிகிரிச் சாய்வு வரை, மூன்று மூன்று டிகிரியாக, 41 படங்கள். ஒவ்வொன்றும் அந்தக் கோணத்தில் விழுந்த நிழல். 41 நிழல்களையும் கணக்கால் திருப்பி ஓரிடத்தில் சேர்த்தால் முப்பரிமாண உருவம், டோமோகிராம்.

சொல்லும்போது எளிது. எலக்ட்ரான் கற்றை பார்க்கும் பொருளையே எரிக்கும். ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர ஆங்ஸ்ட்ராம் பரப்புக்கு ஏறத்தாழ நூறு, நூற்றிருபது எலக்ட்ரான்கள்தான் மொத்த வரவு. அதை 41 படங்களுக்குப் பங்கிட்டால் ஒரு படத்துக்கு மூன்றுபோல வரும். அதனால் ஒவ்வொரு படமும் மூடுபனிக்குள் பார்த்ததுபோலத்தான் இருக்கும். வெறும் சாம்பல் புள்ளிகள். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் படத்தைப் பார்த்து, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். நல்ல படமே அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல எனக்குப் பிடிக்கும்.

60 டிகிரிக்கு மேல் சாய்க்க முடியாது. சாய்க்கச் சாய்க்க, கற்றை கடக்க வேண்டிய தூரம் கூடும். 60 டிகிரியில் ஏட்டின் தடிமன் இரு மடங்கு. ஆக 180 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கைப் பார்க்கவே இல்லை. அந்தக் குறை படத்தில் தெரியும். உருண்டையான ஒரு பை, மேலும் கீழும் திறந்த வளையலாகத் தெரியும். படுக்கைவாட்டில் கிடக்கும் சவ்வு மறைந்தே போய்விடும். கல்லட்டியில் எத்தனை வளைவு திரும்பினாலும் மலையின் பின்பக்கம் தெரியாதுதானே. இந்தத் தொழிலில் நான் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. படத்தில் சவ்வு இல்லையென்றால், சவ்வே இல்லை என்று எழுதாமல், இந்தக் கோணத்திலிருந்து சவ்வு தெரியாது என்று எழுதுவது.

நிழல்களிலிருந்து உருவத்தைத் திரும்பப் பெறும் கணக்குக்கும் எங்கள் ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. படிப்பு முடித்து வெகுநாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. எமரால்டிலிருந்து ஊட்டி போகும் வழியில் முத்தோரை. அங்கே மலைச்சரிவில் படுத்திருக்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை, பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், தட்டுக்குப் பதிலாக 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வில், வடக்கு தெற்காக இறங்கும் மலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே ஓர் அச்சில் சுழற்றினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். 1970-இல் இயங்கத் தொடங்கியது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. சந்திரன், ரேடியோ அலை வீசும் தொலைதூர மூலங்களை மறைத்துக்கொண்டு நகரும்போது அலை எப்படி மங்கி மறைகிறது, எப்படித் திரும்புகிறது என்று பதிவுசெய்வது அதன் முதல் பணிகளில் ஒன்று. ஒருமுறை மறைக்கும்போது கிடைப்பது ஒரு கோணத்தில் ஒரு கீற்று மட்டும். வேறொரு கோணத்தில் மறைக்கும்போது இன்னொரு கீற்று. கீற்றுகளைச் சேர்த்துத்தான் அந்த மூலத்தின் உருவத்தை எட்ட வேண்டும்.

ஸ்வரூப்பின் ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ரொனால்டு பிரேஸ்வெல். கீற்றுகளிலிருந்து படத்தை மீட்கும் கணக்கை அவர் 1956-லேயே வானியலுக்காக எழுதினார். 1967-இல் ரிடில் என்பவரோடு சேர்ந்து, ஃபூரியே மாற்றம் என்ற கணித வழிக்குள் போகாமலே நேரடியாகச் செய்யும் முறையையும் தந்தார். நான்கு வருடம் கழித்து, அவர்கள் வழியில் வராமல் தாமாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர்: ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். சென்னைப் பல்கலைக்கழகத்தில், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைப் பின்னலைக் கண்ட அதே ராமச்சந்திரன்தான். அந்த 1971 கட்டுரையின் தலைப்பிலேயே எக்ஸ்-கதிர்ப் படங்களோடு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு நிழலையும் அப்படியே திருப்பிப் பரப்பினால் உருவம் மொழுமொழுவென்று மங்கிவிடும். பரப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலின் விளிம்புகளையும் ஒரு குறிப்பிட்ட அளவில் கூர்மையாக்கிவிட்டால் உருவம் தெளியும். அந்தக் கூர்மையாக்கும் வடிகட்டிக்கு உலகம் முழுக்க ராம்-லாக் என்றே பெயர். ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்தவர்களில் ஏராளமானோர் அந்தக் கணக்கின் வழிவந்த படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். என் திரையில் மென்பொருளின் பட்டியலில் அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறேன். ராமச்சந்திரனின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் கொலாஜனோடு நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கணக்கையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். நிழலிலிருந்து பொருளைக் கண்டுபிடிக்கலாம் என்பது பன்னிரண்டு வயதில் கேட்டால் எப்படி இருக்கும்!

கருகிப்போன தோட்டத்தைப் பார்த்து எனக்கு நினைவுக்கு வந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், நான் அப்போது இருந்த ஆய்வகத்தில், ஒரு நீண்ட விடுமுறையின்போது திரவ நைட்ரஜன் வரவில்லை. கொண்டுவருபவர்களும் சொல்லவில்லை, உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் பார்க்கவில்லை. சேமிப்புக் கலனில் மட்டம் இறங்கிவிட்டது. ஐந்து மாதமாகச் செதுக்கி வைத்திருந்த லாமெல்லாக்கள் உள்ளே. நான் வந்து திறந்தபோது அடியில் இன்னும் கடுங்குளிர். மைனஸ் நூறுக்குக் கீழே இருந்திருக்கும். ஒன்றும் உருகவில்லை. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் கண்ணாடியான நீர் மைனஸ் 135 டிகிரியைத் தாண்டினாலே மெதுவாகப் படிகமாகத் தொடங்கிவிடும். உருகாமலே கெட்டுவிடும். ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் ஏற்றினேன். சாய்க்கும்போது, சீராக இருக்க வேண்டிய சாம்பல்நிறம் திட்டுத்திட்டாகக் கறுத்து மின்னியது. படிகத்தின் அடையாளம். பதினான்கு லாமெல்லாக்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து, "எல்லாம் போச்சும்மா" என்றேன். என்ன ஏதென்று கேட்கவில்லை. "பனியா?" என்றார். ஆமாம் என்றேன். "கவாத்து பண்ணி விட்டா திரும்பத் துளிர்க்கும்" என்றார்.

கவாத்து என்றால் கிளைகளை வெட்டிவிடுவது. தேயிலைக்குச் சொன்னது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் புதிதாக ஈஸ்ட் வளர்க்கப் போட்டேன்.

டோமோகிராம் கையில் வந்தபின்னும் வேலை இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான ரைபோசோம்கள் மங்கலாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடி, சின்னப் பெட்டியாக வெட்டியெடுத்து, ஒரே திசைக்குத் திருப்பி, ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் புள்ளிக் குப்பை கழிந்து உருவம் தெளியும். 2021-இல் பாட்ரிக் கிராமர், யூலியா மஹமிட் குழுவினர், நிமோனியா உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் உள்ளேயே ரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பார்த்தார்கள். அதில் குளோராம்ஃபெனிகால் மருந்து போய் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. நம் வீடுகளில் கண்ணுக்குப் போடும் அந்த மருந்துதான். பிரித்தெடுத்த ரைபோசோமில் இல்லை, செல்லுக்குள்ளேயே வேலை நடக்கும் இடத்தில்.

இந்தத் துறையில் இப்போது ஆங்ஸ்ட்ராம் எண்ணைச் சிறிதாக்குவதற்குத்தான் பெரிய போட்டி. எனக்கு அதில் அவ்வளவு மனம் ஓடவில்லை. ஒரு புரதத்தின் அணுக்கள் தெரிய வேண்டுமென்றால் பிரித்தெடுத்தும் பார்க்கலாம், அது நன்றாகவே நடக்கிறது. யாருக்குப் பக்கத்தில் யார், எந்தச் சவ்வில் யார் வரிசை கட்டுகிறார்கள், எங்கே ஒருவருமே இல்லை என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 2002-இல் ஜெர்மனியின் மார்டின்ஸ்ரீடில் வொல்ஃப்காங் பௌமைஸ்டரின் குழு முதன்முதலாக முழுச் செல்லின் விளிம்பில், செல்லுக்குச் சட்டகமாக நிற்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையைக் காட்டியபோது, நுணுக்கம் இன்றைய அளவுக்கு வரவே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தில் இழை இழையோடு எங்கே சேர்கிறது என்று தெரிந்தது. செல்லுக்குள் இருப்பது நீரில் மிதக்கும் மூலக்கூறுகளின் கஞ்சி என்ற என் பள்ளிக்காலத்து எண்ணத்தை அந்தப் படம்தான் உடைத்தது. சந்தை நாளில் ஊட்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்ததுபோல நெரிசல். நெரிசலுக்குள் ஒழுங்கு.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், லேப்டாப்பில் அம்மாவுக்கு ஒரு டோமோகிராம் காட்டினேன். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்காக நகர்த்தினேன். கொழுந்து பறிக்கும்போது செடியைப் பார்ப்பதுபோலவே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஏடிபி சிந்தேஸ் வரிசையைக் காட்டினேன். "பாத்தி மாதிரி இருக்கு" என்றார். நான் அதுவரை அவரிடம் அப்படிச் சொல்லவே இல்லை.

பிறகு கேட்டார்: "நம்ம தேயிலைய இதுல பார்க்க முடியுமா?"

ஏழு வருடத்தில் இதை நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. முடியும் என்றும் சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது. ஈத்தேனில் முக்குவது சில மைக்ரோமீட்டர் தடிமன்வரைதான் பலிக்கும், பத்தைத் தாண்டினால் நடுவில் படிகம் பிடித்துவிடும். இலை அதைப்போலப் பல மடங்கு தடிப்பு. இலைக்கு உயரழுத்த உறைவிப்பு வேண்டும். ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தத்தில் நீர் படிகமாவதற்குத் திணறும்போது குளிரைப் பாய்ச்சுவது. அதில் 0.2 மில்லிமீட்டர்வரை தாங்கும். இலைக்குள் செல்களுக்கு நடுவே காற்றிருக்கிறது, அழுத்தத்தில் அது நொறுங்கும், ஆகவே முதலில் அதைத் திரவத்தால் நிரப்ப வேண்டும். செல்லின் பெரும்பகுதி நீர்ப்பை, வெறும் நீர்தான் இருப்பதிலேயே உறையவைக்கக் கடினம். அதற்குப் பின் கடுங்குளிரிலேயே ஊசிமுனையால் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துச் செதுக்க வேண்டும். இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரத்தடி இலைய எடுத்துட்டுப் போ. அதுல பனி விழாது" என்றார்.

அது உண்மைதான். தெளிந்த வானத்தில் ராத்திரி நிலமும் இலையும் தம் சூட்டை மேலே விட்டுவிடுகின்றன, மரம் கூரையாக நின்றால் அது அவ்வளவு போகாது. சில்வர் ஓக்குக்கு அடியில் இருந்த செடிகள் எல்லாம் பளிச்சென்று பச்சையாக இருந்தன. அம்மா பார்த்துப் பார்த்து இருபது கொழுந்து கிள்ளினார். மூன்றாவது இலை வேண்டாம், தடிப்பு என்றார். ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தார்.

ஆய்வகத்துக்கு வந்த அன்றே மூன்று மில்லிமீட்டர் வட்டங்களாக வெட்டி உறையவைத்தோம். செதுக்க இரண்டு வாரம். போன வெள்ளிக்கிழமை நுண்ணோக்கியில் ஏற்றினோம். முதல் லாமெல்லாவில் நீர்ப்பை முழுக்கப் படிகம், சவ்வு அறுந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு பச்சையக் கணிகத்தின் ஓரம் தெரிந்தது. அதன் உள்ளே இருக்கும் தைலக்காய்டு என்னும் சவ்வுகள் அடுக்கடுக்காக, கிழியாமல், ஒன்றையொன்று ஒட்டி. அதை அடுத்து அதே மெல்லிய எல்லைச்சவ்வு. அந்தப் பக்கம் நீர்ப்பையின் விளிம்பில் கொஞ்சம் இடம் கண்ணாடியாகவே இருந்தது.

ராத்திரி அம்மா போன் செய்தார். கீழ்ப்பாதியைக் கவாத்து செய்துவிட்டதாகவும், மழை வந்தால் துளிர்க்கும் என்றும் சொன்னார். பிறகு, "அங்க என்னாச்சு, பனி புடிச்சுதா?" என்றார்.

"மூணுல ஒண்ணு தப்பிச்சிருக்கும்மா."

"எது, மரத்தடிதா?"

"எல்லாமே மரத்தடிதான்மா."

"சரி," என்றார், "அப்ப இன்னும் கொஞ்சம் கிள்ளி அனுப்புறேன்."

மேட்டுப்பாளையம் வழியாக வரும் ஒருவரிடம் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டிருக்கிறார். நாளைக் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்க வேண்டும்.